நோம்பிக்கும் நோன்புக்கும் நடுவே

கொங்கு நாட்டில் ‘நோம்பி’ என்பது பண்டிகையைக் குறிக்கும் சொல். தீபாவளி ஒரு நோம்பி. பொங்கல் ஒரு நோம்பி. மாரியம்மன் கோயிலுக்குச் சாட்டினால் அதுவும் நோம்பியே. நமக்கோ நோன்பு என்பது வைகறை முதல் சூரியன் மறையும் வரை உண்ணாமலும் பருகாமலும் இருப்பது. ரமலான் பிறை இருபதில் தோட்டத்துக்காரர் ஒருவர், “நோம்பி எப்பங்க பாய்?” என்று அன்போடு வினவ, நம் இளைஞர், “இன்னிக்கு இருபதாவது நோன்புங்க” என்று விடை கூற, “இருபது நாளா நோம்பியா! கொடுத்து வெச்சவங்க” என்று அவர் வியந்து போவார். பசித்த வயிற்றோடு நிற்பவருக்கு இதைவிட விசித்திரமான வாழ்த்து வேறு கிடைக்காது.

இருவருள் எவர் கூறியதும் பிழையன்று. நோற்றல் என்றால் பொறுத்தல், தவம் செய்தல். இரு சொற்களும் அவ்வேரிலிருந்து கிளைத்தவையே. விரதத்தில் தொடங்கி விருந்தில் முடிவது விழாவின் இயல்பாதலால், நாம் தொடக்கத்தைப் பற்றிக்கொண்டோம், அவர்கள் முடிவைப் பற்றிக்கொண்டார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

மதரஸாக்களில் மாணவர்கள் கூடியமர்ந்து அன்றைய பாடத்தை ஒருவருக்கொருவர் திரும்பச் சொல்லிப் பார்ப்பதற்குத் ‘தக்ரார்’ என்று பெயர். அரபியில் அதன் பொருள் திரும்பச் செய்தல். அச்சொல்லே தமிழில் ‘தகராறு’ ஆயிற்று. (சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால் வேறு என்ன விளையும்?) நிக்காஹ் சபையில் பெண்ணின் சார்பில் பேசும் வக்கீலைப் பற்றிக் கேள்வியுற்ற மாற்றுமத நண்பர்கள், திருமண நாளிலேயே வழக்கறிஞர் எதற்கு என்று திகைப்பதுண்டு. ‘மாமூல்’ என்பதையும் கூறிவிடுகிறேன். அது அரபு நாடுகளில் பெருநாள் காலத்தில் செய்யப்படும், பேரீச்சம்பழம் வைத்த ஓர் இனிப்பு. நம்மூரில் மாமூல் வாங்குவோர் வேறு இனத்தவர்.

வாளையாறு தாண்டினால் நிலைமை இன்னும் வேடிக்கை. பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்ததே. இன்றும் உக்கடத்திலிருந்து பேருந்தேறினால் சிறிது நேரப் பயணம்தான். ஆயினும் அங்கே குடிக்கக் கேட்பது ‘வெள்ளம்’. நமக்கு வெள்ளம் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாம் மகளைக் கொடுத்த வீட்டாரைச் சம்பந்தி என்போம்; அவர்கள் ‘சம்மந்தி’யை அரைத்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வர். ஊர்ப்பெயரின் இறுதியில் நாம் மரியாதையாக வைத்திருக்கும் ‘பட்டி’ அங்கே நாயாகிவிடுகிறது.

கடல் கடந்த தமிழைக் கேட்க, கொங்கு மக்கள் கப்பலேற வேண்டுவதில்லை. 1983-க்குப் பின் அகதிகளாக வந்த இலங்கைத் தமிழர், கோவையை அடுத்த பூலுவபட்டியிலும் பவானிசாகரிலும் முகாம்களில் குடியமர்த்தப்பட்டனர். யாழ்ப்பாணத்தவர் உணவின் நடுவே “காணும்” என்றால் போதும் என்று பொருள். நாமோ எதைக் காணவில்லை என்று தேடத் தொடங்குவோம். அவர்கள் மகளைப் ‘பெட்டை’ என்பது செல்லம். இங்கே அது கோழிக்கு உரியது. “அவர் மோசம் போய்விட்டார்” என்று அவர்கள் தாழ்ந்த குரலில் சொன்னால், யார் ஏமாற்றினார்கள் என்று கேட்டுவிடாதீர்கள். அவர் இறந்துவிட்டார் என்பதே செய்தி.

தமிழ் கெட்டுப்போனதால் வந்த குழப்பம் இது என்று கருதி, ஆங்கிலத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோர் உளர். இங்கிலாந்தில் ‘பேவ்மென்ட்’ என்பது நடப்போருக்கான ஓரப்பாதை. அமெரிக்காவில் அது வண்டி ஓடும் தளம். அங்கு படிக்கச் செல்லும் பிள்ளைகள் அறிந்துகொள்வது நலம்! ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வது என்றால் ஆங்கிலேயருக்கு உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்கருக்கு ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லுக்காக நெடுநேரம் கடுமையாக வாதிட்டு, இறுதியில் இருவரும் வேண்டியது ஒன்றே என்று கண்டதைச் சர்ச்சில் தமது போர் வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

மார்க்கச் சட்ட அறிஞர்கள் இதைப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர். இறைச்சி உண்ண மாட்டேன் என்று சத்தியம் செய்தவர் மீன் உண்டால் சத்தியம் முறியுமா? முறியாது என்பது ஹனஃபி சட்டம். திருக்குர்ஆன் (16:14) கடலில் கிடைப்பதையும் இறைச்சி என்ற சொல்லாலேயே குறிக்கிறது. எனினும் மக்கள் வழக்கில் மீன் இறைச்சியன்று. சத்தியத்தில் வழக்கே தீர்ப்பளிக்கும். இதை நம் பக்கம் பொருத்திப் பாருங்கள். கோவையில் ஒருவர், “இனிக் கறி தின்ன மாட்டேன்” என்று ஆணையிட்டுவிட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு உண்டால் எவரும் குறை காணமாட்டார். இங்கே கறி என்பது ஆடும் மாடும் கோழியும்தான். யாழ்ப்பாணத்திலோ காய்கறிக்கே பெயர் மரக்கறி, கத்தரிக்காயும் கறியே. எனவே முஃப்தி அம்மனிதரிடம் முதலில் கேட்க வேண்டியது, “நீர் எந்த ஊர்?” என்பது.

உறவுப் பெயர்களில்தான் இந்த வேறுபாடு வீட்டுக்குள்ளேயே நுழைகிறது. ‘நானா’ என்றால் நாகூரிலும் கொழும்பிலும் அண்ணன். கோட்டைமேட்டில் உருது பேசும் வீட்டில் தாயின் தந்தை. ‘காக்கா’ என்றால் காயல்பட்டினத்தில் அண்ணன். இங்கே கூரையில் கரைவது. ‘தாத்தா’ நமக்குப் பாட்டனார், இலங்கை முஸ்லிம்களுக்கு மூத்த சகோதரி, சிங்களவருக்குத் தகப்பனார். இராவுத்தர் வீடுகளில் தந்தை ‘அத்தா’. கடற்கரைப் பட்டினங்களில் ‘வாப்பா’. கொங்கு மக்களின் ‘ஆத்தா’ தாயையும் பாட்டியையும் குறிக்கும். ஒரு நெடிலில் தந்தை தாயாகிவிடுகிறார்.

பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கடற்கரையைப் பூர்விகமாகக் கொண்டு சென்னையில் வாழும் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டாள். நல்ல குடும்பம், கொடுமை ஏதுமில்லை. அவள் “எங்க அத்தா” என்று தொடங்கும்போதெல்லாம் வீட்டுச் சிறுவர்கள், “ஆத்தாவா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள், பெரியவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். நான்கு மாதம் கழித்து மகளைப் பார்க்கச் சென்றார் தந்தை. கதவைத் திறந்த மகள், கூடத்தில் எல்லோரும் அமர்ந்திருக்க, “வாங்க வாப்பா” என்றாள். தமக்குப் பின்னால் வேறு எவரோ நிற்கிறார் என்றெண்ணித் திரும்பிப் பார்த்தாராம் அவர். இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முன்னால் வைத்த தேநீரை மட்டும் தொடவில்லை.

வாப்பா என்பதும் இனிய சொல்லே. மாமனாரை அவள் அவ்வாறு அழைப்பது முறைதான். ஆனால் பெற்றவரை அழைக்கும் சொல்லை மாற்றிக்கொள் என்று எவரும் அவளிடம் கூறவில்லை. சிரித்தார்கள், அவ்வளவே. அந்தச் சிரிப்பை நான் சிறிய காரியமாகக் கருதவில்லை. மஹர், சீர், விருந்து என்று பத்து நாள் பேசி முடிவெடுக்கும் நாம், “உங்கள் வீட்டில் தகப்பனாரை எப்படி அழைப்பீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. தூரத்துச் சம்பந்தங்கள் பெருகிவரும் நாளில் மாமியார்மார் இதைக் கேட்டறிந்து, வீட்டுச் சிறுவருக்கும் முன்னரே சொல்லி வைக்கலாம்.

எம் மாணவர்களிடம் தத்தம் வீட்டு உறவுப் பெயர்களை எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். மூத்த சகோதரிக்கு மட்டும் இதுவரை அக்கா, ராத்தா, ஆபா ஆகிய மூன்றும் வந்துள்ளன. கம்பம், உத்தமபாளையம், ஆம்பூர், மட்டக்களப்பு வாசகர்கள் தங்கள் வீட்டுச் சொற்களை எழுதியனுப்பினால் அவற்றையும் சேர்த்துக்கொள்வோம். ஊர்ப்பெயரைத் தெளிவாகக் குறிப்பிடுக.