பிரௌனிங்கின் கைத்துப்பாக்கி

ஜான் பிரௌனிங் வகுத்தளித்து, அமெரிக்க ராணுவம் 1911-ல் ஏற்றுக்கொண்ட .45 அங்குலக் கைத்துப்பாக்கியை அதன் பூர்வ ரூபத்திலேயே வாங்குவதா, அன்றிப் பெரிய குறிகாட்டிகளும், பின்வாங்கும் சுத்தியல் கையைக் கடித்துவிடாதபடி நீண்டு வளைந்த பிடிக்காப்பும் அமைந்த நவீன வடிவத்தை வாங்குவதா என்று கேட்டால், என் மனம் பின்னதன் பக்கமே சாய்கிறது. பழைய வடிவின் மெலிந்த சௌந்தரியத்துக்கு ஈடில்லை என்பதை மனமாரச் சொல்கிறேன். ஆயினும், முதல் உலக யுத்தத்தின் அனுபவத்தைக் கொண்டு, விசையைக் குறுக்கியும், பிடிக்காப்பின் வாலை நீட்டியும், முன்குறியை அகலமாக்கியும், 1920-களிலேயே ராணுவம் அதைத் திருத்தியிருக்க, 1911-ன் ரூபத்தை மட்டும் தீண்டத்தகாத புனிதமாகக் கருத எனக்கு நியாயம் தோன்றவில்லை. சுடும்போது குழலின் பின்புறம் தாழ்ந்து பூட்டு விடுபடும் பிரௌனிங்கின் அற்புத யுக்தியோ இரண்டிலும் ஒன்றேதான்.