செய்மதியைக் குறைகூறுமுன்

இணையத் தொடர்பு எமது வீடுகளில் இன்று வெறும் பொழுதுபோக்குக்குரிய வசதியாக இல்லை. ஊரில் இருக்கும் பெற்றோரின் முகத்தைக் காண்பதும், பிள்ளைகள் பாடசாலை வேலைகளை ஒப்படைப்பதும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர் கனடாவின் குடிவரவு அகதிகள் சபையும் தனது விசாரணைகளிற் பெரும்பாலானவற்றைக் காணொளி மூலமே நடத்தி வருகின்றது. ஒரு குடும்பம் இந்நாட்டில் வாழலாமா என்பதைத் தீர்மானிக்கும் விசாரணை, அக்குடும்பத்தின் கூரையில் நிற்கும் டிஷ்ஷை நம்பி நடக்கும் காலம் வந்துவிட்டது.

ரொறன்ரோவின் வாடகையைத் தாங்க இயலாது, தொலைவிலுள்ள சிற்றூர்களுக்குக் குடிபெயர்ந்த எம்மவர் பலர். கேபிள் இணைப்பும் கண்ணாடி இழை இணைப்பும் எட்டாத இடங்களில் அவர்களுக்கு வாய்த்தது செய்மதி இணையம். அது நின்றுவிட்டால் உடனே கம்பனியைத் தொலைபேசியில் அழைப்பதும், மணித்தியாலக் கணக்கிற் காத்திருப்பதும், பின்னர் தொழில்நுட்பவியலாளரின் வருகைக்குப் பணம் கட்டுவதும் வழக்கமாகிவிட்டன. வந்தவர் கழன்றிருந்த ஒரு வயரை மாட்டிவிட்டுப் போவதும் உண்டு.

கணக்கின் விடை பிழைத்துவிட்டால் நல்ல மாணவன் முழுக் கணக்கையும் அழித்துவிடுவதில்லை. எந்த வரியிற் பிழைத்தது என்று தேடுகின்றான். இங்கும் அதே முறைதான். வீட்டு இணையத்தை நான்கு வரிகளாகப் பிரித்துக்கொள்வோம். கையிலுள்ள கருவியிலிருந்து ரவுட்டர் வரை முதலாவது. ரவுட்டரும் மொடமும் அவற்றின் மின்சாரமும் இரண்டாவது. மொடத்திலிருந்து டிஷ் வரை செல்லும் கேபிள் மூன்றாவது. டிஷ்ஷிலிருந்து வானம் வரை நான்காவது. வீட்டினுள்ளே தொடங்கி வெளியே செல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். நான்கையும் ஒன்றாகக் குழப்பினால், தொடர்பு மீண்ட பின்னரும் பழுது எதுவென்று தெரியாது போய்விடும்.

முதலாவது வரி. ஒரு கைத்தொலைபேசியில் மட்டும் இணையம் இல்லையா, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் இல்லையா? ஒன்றில் மட்டும் என்றால் குற்றம் செய்மதியில் இல்லை. அக்கருவியை ஒருமுறை நிறுத்தித் தொடக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எல்லாவற்றிலும் இல்லையென்றால், கணினியை ஒரு கேபிளினால் ரவுட்டருடன் நேரே இணைத்துப் பாருங்கள். கேபிளில் நன்றாக ஓடி, வை-ஃபையில் மட்டும் இழுபட்டால், பழுது வீட்டுக்குள்ளேதான் உள்ளது. பேஸ்மன்றில் குடியிருப்போருக்கு இது பெரும் தொல்லை. மேல்மாடியில் இருக்கும் ரவுட்டரின் அலை கொங்கிறீற் சுவரையும் இரும்புக் கதவையும் தாண்டும்போது மெலிந்துவிடுகின்றது. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னே ரவுட்டரை ஒளித்து வைப்பதும், மைக்ரோவேவ் அடுப்புக்கு அருகில் வைப்பதும் கூடாது. வீட்டின் நடுவில், உயரமான தட்டில், திறந்த இடத்தில் அதை வையுங்கள்.

இரண்டாவது வரி மின்சாரம். மொடத்தையும் ரவுட்டரையும் சுவரிலிருந்து கழற்றி ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். பின்னர் மொடத்தை மட்டும் மாட்டுங்கள். அதன் விளக்குகள் மினுக்குவதை விட்டு நிலையாக எரியும்வரை காத்திருந்து, அதன் பின்பே ரவுட்டரை மாட்டுங்கள். செய்மதியைத் தேடிப் பிடிக்கப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் கூடச் செல்லலாம். அந்தப் பொறுமை இல்லாமல் மீண்டும் மீண்டும் கழற்றி மாட்டுவோர், அது எழுந்து நிற்பதற்கு முன்பே அதனை விழுத்திவிடுகின்றனர்.

மூன்றாவது வரி கேபிள். இரண்டு முனைகளும் இறுகியிருக்கின்றனவா? முனையிற் பச்சை நிறமாகக் களிம்பு பூத்திருந்தால் ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள். வெளிச்சுவர் வழியாக வரும் கேபிளை அணில்கள் கடிப்பதும், பனி அள்ளும்போது மண்வெட்டி அறுப்பதும் இந்நாட்டில் நடப்பவை. தொலைக்காட்சிக்காக வாங்கிய பிரிப்பான் எதையும் இக்கேபிளின் இடையிற் செருகக் கூடாது.

நான்காவது வரிக்கு வானத்தைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். செய்மதி இணையம் இரண்டு வகைப்படும். முதலாவது வகையில், பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றி, எமக்கு அசையாதது போலத் தோன்றும் செய்மதி பயன்படுகின்றது. இப்படியான செய்மதிகளால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, 2008இற் கொழும்பிற் காலமானவர் அவர். இரண்டாவது வகை, ஸ்ரார்லிங்க் போன்றது. ஏறத்தாழ 500 கிலோமீற்றர் உயரத்தில் ஆயிரக்கணக்கான சிறு செய்மதிகள் விரைந்து ஓடிக்கொண்டிருக்க, டிஷ் ஒன்றைவிட்டு மற்றொன்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

எமது வீட்டில் உள்ளது எந்த வகை என்று அறிவது அவசியம். முதல் வகையின் டிஷ் கனடாவில் தெற்கு நோக்கி நிற்கும். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ளபடியால் அங்கே டிஷ் வானத்தை அண்ணாந்து பார்க்கும். ஒன்ராறியோவின் பெரும்பகுதியிலிருந்து பார்த்தால், அச்செய்மதி அடிவானத்திலிருந்து 40 பாகைக்கு மேல் எழுவதில்லை. வடக்கே செல்லச் செல்ல இன்னும் தாழ்கின்றது. ஆகவே அயல்வீட்டு மரம் கூட இங்கே குறுக்கே வந்துவிடும். மாசி மாதத்தில் டிஷ்ஷைப் பொருத்தும்போது மரம் இலையின்றி நிற்கும், இணையமும் நன்றாக ஓடும். வைகாசியில் இலை தழைத்ததும் தொடர்பு அறும். மழையில் நனைந்த இலை இன்னும் கூடுதலாகத் தடுக்கும். கம்பனி ஏமாற்றிவிட்டது என்று கோபிக்குமுன், டிஷ் நோக்கும் திசையில் நின்று நிமிர்ந்து பாருங்கள். இரண்டாவது வகைக்கு ஒரு திசை மட்டும் போதாது, அகன்ற வானம் வேண்டும். அதற்குரிய கைத்தொலைபேசிச் செயலியில் தடைகளைக் காட்டும் படம் உண்டு.

முதல் வகை டிஷ்ஷைக் கையால் அசைத்துச் சரிசெய்ய எவரும் முயல வேண்டாம். ஒரு பாகை விலகினால், அந்தத் தொலைவில் அது 600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட விலகலாகும். பனி படிந்திருந்தால், நிலத்தில் நின்று எட்டுமாயின் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். சுடுநீர் ஊற்றுவதும் மண்வெட்டியால் அடிப்பதும் டிஷ்ஷைக் கெடுத்துவிடும். உறைபனி படர்ந்த கூரையில் ஏறவே கூடாது. இணையம் நாளைக்கும் வரும், முறிந்த இடுப்பு எளிதில் வராது.

சில தடைகள் தாமாகவே தீர்பவை. பெருமழையில் அலை நீர்த்துளிகளால் உறிஞ்சப்படும். மழை ஓய்ந்ததும் தொடர்பு மீளும். மார்ச் மாதத் தொடக்கத்திலும் ஒக்ரோபரிலும் சில நாட்களுக்கு, பகலில் ஒரு குறித்த நேரத்திற் சில நிமிடங்கள் முதல் வகைத் தொடர்பு அறும். அப்போது சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து நிற்கின்றது. இது பழுதன்று.

தொடர்பு அறாமல் மெதுவாகிவிடுவது வேறு நோய். மாதத்துக்குரிய அளவு முடிந்ததும் வேகத்தைக் குறைக்கும் ஒப்பந்தங்கள் பல. அளவு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று முதலிற் பாருங்கள். மாலையில் ஊர் முழுவதும் ஒரே வழியிற் படம் பார்க்கும்போதும் வேகம் குறையும். முதல் வகையில் எமது பேச்சு மேலே சென்று கீழே வந்து, மறுமொழியும் அவ்வாறே திரும்ப ஏறத்தாழ அரைச் செக்கன் ஆகும். எவ்வளவு பணம் கட்டினாலும் அந்தத் தாமதத்தைக் குறைக்க இயலாது. ஒருவர் பேசி முடித்த பின் மற்றவர் பேசுவதே அதற்குப் பரிகாரம். இரண்டாவது வகையில் அது ஒரு செக்கனின் நூறிற் சில பங்கு மட்டுமே.

இவ்வளவும் பார்த்த பின்னும் தீராவிட்டால் கம்பனியை அழையுங்கள். அதற்கு முன் ஒரு கொப்பியில் நாள், நேரம், காலநிலை, மொடத்தில் எந்த விளக்கு எரிந்தது, கேபிளில் அளந்த வேகம் என்பவற்றைக் காலை, மதியம், இரவு என மூன்று நாட்களுக்குக் குறித்து வையுங்கள். ஆங்கிலம் தடுமாறுவோருக்கு அந்தக் கொப்பியே பேசும். பேசியவரிடம் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கம்பனி தீர்வு தராவிடின், சி.சி.ரி.எஸ். என்று அழைக்கப்படும் தொலைத்தொடர்பு முறைப்பாட்டு அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இறுதியாக, விசாரணைக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு. விசாரணைக்கு வராதவரின் கோரிக்கை கைவிடப்பட்டதாக அறிவிக்கப்படக்கூடும். ஆகவே அந்த நாளைச் செய்மதியிடம் மட்டும் ஒப்படைக்காதீர்கள். வீட்டு இணையம் நம்பத்தக்கதல்ல என்றால், நேரில் விசாரிக்குமாறு கோரும் வழி உண்டு. அதனைச் சட்டத்தரணியிடம் காலந்தாழ்த்தாது சொல்லுங்கள். அவருடைய அலுவலகத்திலிருந்தே கலந்துகொள்ள இயலுமா என்றும் கேளுங்கள். வீட்டிலிருந்துதான் என்றால், முதல் நாளே அதே நேரத்தில், அதே கணினியில், கேபிள் மாட்டி ஒத்திகை பாருங்கள். எமது முகமும் குரலும் மறுமுனைக்குச் செல்வது மேலேற்றும் வேகத்தினால். அதனையே அளந்து பாருங்கள். அன்று பிள்ளைகளின் கருவிகள் அணைந்திருக்கட்டும். கைத்தொலைபேசியிற் போதிய மின்னும் அதன்வழி இணையமும் மாற்று வழியாக ஆயத்தமாக இருக்கட்டும். சட்டத்தரணியின் இலக்கமும் சபையின் இலக்கமும் கடதாசியில் எழுதி மேசையில் இருக்கட்டும். தொடர்பு அறுந்தால், அறுந்த நிமிடத்திலேயே அழைத்துச் சொல்லுங்கள். மொடத்தின் விளக்குகளை நேரத்துடன் படமெடுத்து வையுங்கள்.

வராமல் இருந்தவருக்கும் வர முயன்று முடியாமற் போனவருக்கும் உள்ள வேறுபாட்டை விசாரிப்பவர் தாமாக அறியமாட்டார். அதனைக் காட்டவேண்டியவர்கள் நாமே. கொப்பியை இன்றைக்கே தொடங்குங்கள்.