இறந்து பிறக்கும் குழந்தை: அந்த இரவில் பெற்றோருடன் யார்?

2019இல் இந்தியாவில் சுமார் 3.4 லட்சம் குழந்தைகள் இறந்தே பிறந்தன என்கிறது ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு. உலகிலேயே இதுதான் அதிகம். சரி, அந்தப் பெற்றோருடன் அப்போது யார் இருந்தாங்க? அதற்குக் கணக்கு இல்லை.

பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் இதற்கு ஆள் உண்டு. பெயர் 'சாப்ளின்': ஆன்மிகத் துணையாளர். சம்பளம் மருத்துவமனையே தருகிறது. பல இடங்களில் நள்ளிரவிலும் கூப்பிடலாம். மத நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் வருவார். குழந்தைக்குப் பெயர் சூட்டுவது, கேட்டால் பிரார்த்தனை, இறுதிச் சடங்குக்கு உதவி, எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்காருவது... எல்லாம் அவர் வேலை.

இங்கே? வேலூர் சி.எம்.சி. போன்ற மிஷன் மருத்துவமனைகளில் சாப்ளின்கள் உண்டு. மற்ற பெரும்பாலான இடங்களில் அது யாருடைய வேலையும் இல்லை.

விடுப்பில் கொஞ்சம் முன்னேற்றம் இருக்கு. குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்ததும் இறந்தாலோ, மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 60 நாள் சிறப்பு விடுப்பு என 2022இல் உத்தரவு வந்தது. ஆனால், விடுப்பு தொடங்குவதற்கு முந்தைய அந்தச் சில மணி நேரம்?

குழந்தையைப் பார்ப்பதா, தூக்குவதா என்பதைப் பல நேரம் உறவினர்களே முடிவு செய்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்தவருக்கு இப்படி நேர்ந்தால், ஒன்று செய்யுங்கள்: அம்மாவிடமே கேளுங்கள்.