பெயர் சொல்லாக் கடன்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாம் தீர்க்காமல் வைத்திருக்கும் கடன் ஒன்றுண்டு. பணக்கடன் அன்று, நன்றிக்கடன். அதைப் பலரறிய ஒப்புக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2003ஆம் ஆண்டு. நாம் முதுகலைத் தமிழ் பயின்றுகொண்டிருந்தோம். பாகலூரிலிருந்து பேருந்தேறி ஓசூர் சென்று, பிரௌசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு எனக் காசு கொடுத்து இணையம் பார்த்த காலம் அது. ஓசூரில் சிப்காட் வந்தபின் இப்பகுதியில் தொழிற்கூடங்களுக்குக் குறைவில்லை. ஆனால் சங்க நூற்பதிப்பு ஒன்று வேண்டுமெனில் சேலத்துக்கோ சென்னைக்கோ ஆள் சொல்லி அனுப்பவேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைவாசலில் ஒலிக்கும் இவ்வெல்லைப்புறத்தில் தமிழ்ப் புலமை நூல்கள் எட்டாத் தொலைவில் இருந்தன.

அந்நிலையில்தான் மதுரைத் திட்டத்தைக் கண்டோம். தேடிக் கண்டதன்று, வேறொரு பக்கத்தின் அடியில் யாரோ ஒருவர் இட்டுவைத்த இணைப்புப் பட்டியல் அங்கே கொண்டு சேர்த்தது. அக்காலத்தில் தளங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கிடைத்தன. திஸ்கி எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவவேண்டும். இல்லையேல் திரை முழுதும் கொக்கியும் புள்ளியுமாய் நிற்கும். எழுத்துரு ஏறியதும் இலக்கியம் விரிந்தது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வாழும் வேதியியல் ஆய்வாளர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய முயற்சி அது. உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டெழுதினர். வேறு சிலர் பிழை திருத்தினர். கோப்பின் தலைப்பிலேயே தட்டெழுதியவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் இருக்கும்.

அதன்பின் வழி நீண்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் பின்னிணைப்பாகவும் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோப் பல்கலைக்கழகம் இணையத்தில் தேடத்தக்கதாய் வைத்திருந்தது. 2005இல் ஈழத்து அன்பர்கள் நூலகம் என்னும் தளத்தைத் தொடங்கினர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட இனத்துக்கு, நூலைப் பல இடங்களில் பெருக்கி வைப்பதன் பொருளை யாரும் விளக்கவேண்டியதில்லை.

இனி நம் குற்றத்துக்கு வருவோம். எம்.ஃபில். ஆய்வேட்டுக்குரிய மூலப்பாடல்கள் அத்தனையையும் மின்னுரைத் தளத்திலிருந்தே எடுத்தோம். துணைநூற்பட்டியலிலோ அச்சுப்பதிப்புகளின் பெயர்களையே எழுதினோம். இணையத்தைச் சான்று காட்டினால் மதிப்புக் குறையும் என்று மூத்தோர் சொன்னார்கள், நாமும் நம்பினோம். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்தப் பதிப்பை எந்த நூலகத்தில் பார்த்தீர்கள்?" நமக்கு விடை இல்லை. அவர் சற்று நேரம் நம்மைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பட்டம் கிடைத்தது, அந்த மௌனமும் கூடவே வந்தது.

இது நம் ஒருவர் பிழையாயின் எழுதத் தேவையில்லை. தமிழ்த்துறைகளில் இது வழக்கமாகவே ஆயிற்று. ஆ. சிங்காரவேலு முதலியார் என்னும் தமிழாசிரியர் தனியொருவராய் ஆண்டுக்கணக்கில் தொகுத்து, அச்சேற்ற வழியின்றி அலைந்து, பாண்டித்துரைத் தேவரின் துணையால் 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாய்க் கொணர்ந்த அபிதான சிந்தாமணியை நாம் பெயர் சொல்லி மேற்கோள் காட்டுகிறோம். அதே உழைப்பைத் திரையில் செய்தவர்களை மட்டும் மறைக்கிறோம். காகிதத்தில் வந்தால் புலமை, கணினியில் வந்தால் இலவசம் என்பது எந்த நியாயம்?

மின்னுரையில் பிழைகள் மலிந்திருக்குமே என்பர் சிலர். இருக்கலாம், ஏட்டிலும் அச்சிலும் இல்லாத பிழையா? பிழை இருக்கக்கூடும் என்பதனாலேயே மூலத்தைச் சொல்லவேண்டும். சொன்னால் படிப்பவர் சென்று ஒப்பிட்டுப் பார்ப்பார். மறைத்தால், எங்கோ நேர்ந்த எழுத்துப்பிழை ஒரு பாவமும் அறியாத பதிப்பாசிரியர் தலையில் ஏறும்.

பெயர் சொல்லாமையின் விளைவு கண்கூடு. பயன்படுத்துவோர் இருப்பதே தெரியாத தளத்தை யார் பேணுவர்? ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது தனியார் பக்கங்கள் எண்ணற்றவை அடியோடு போயின. யாகூவின் அடைவு 2014இல் நின்றது. தன்னார்வலர் தொகுத்த டிமாஸ் அடைவு 2017இல் நின்றது. இன்று மாணவர் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்கிறார். விடை வருகிறது, பெரும்பாலும் எங்கிருந்து வந்ததென்ற குறிப்பின்றி. அதை அப்படியே ஒட்டி நம்மிடம் தருகிறார். கடிந்துகொள்ள வாயெடுத்தால் அந்தப் பழைய துணைநூற்பட்டியல் கண்முன் நிற்கிறது. மூலத்தை மறைக்கும் வித்தையை அவருக்குக் கற்பித்தவர்கள் நாம்தாமே.

எல்லைக்கு அப்பால் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. வி. கிருஷ்ணா என்பவர் பல பத்தாண்டுகள் தனியே தொகுத்த கன்னட–ஆங்கில அகராதி 2019இல் 'அலர்' என்னும் பெயரில் எவரும் பயன்படுத்தத்தக்கதாய் இணையத்தில் வெளிவந்தது. தொகுத்தவர் பெயர் தளத்திலேயே துலங்குகிறது. அலர் என்றால் கன்னடத்தில் மலர். நம் அகப்பாடல்களிலோ அலர் என்பது ஊரறியப் பேசப்படுதல். உழைத்தவர் பெயர் அப்படி ஊரறியப் பேசப்படவேண்டும் என்பதே நம் வேண்டுகோளும்.

இவ்வாண்டு நம் முதுகலை மாணவர்க்கு ஒரு விதி வைத்துள்ளோம். துணைநூற்பட்டியலில் 'மின்னுரைகள்' எனத் தனிப்பகுதி இருக்கவேண்டும். தளத்தின் பெயர், பார்த்த நாள், தட்டெழுதியவர் பெயர் மூன்றும் வேண்டும். விதியைச் சொல்லிவிட்டு வீடு வந்த மாலை, அலமாரியிலிருந்து நம் பழைய ஆய்வேட்டை எடுத்தோம். பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இடம் இருந்தது. விடுபட்ட பெயர்களைப் பேனாவால் எழுதி, கீழே அன்றைய தேதியையும் இட்டோம்.