கரண்ட் பில்லைக் குறைக்கும் பெட்டியும் பத்தாங்கிளாஸ் கணக்கும்

முதல்லயே சொல்லிடறேன், நான் பி.காம். மாணவன். "உனக்கெதுக்குப்பா ஓம் விதி?"ன்னு கேக்கிறவங்க முழுசாப் படிச்சிட்டுக் கேளுங்க. இது பிசிக்ஸ் பதிவு இல்லை, காசுப் பதிவு.

தேவாரத்தில் எங்க தெருவில் மட்டும் மூணு வீட்டில் அந்தப் பெட்டி இருக்கு. கொசு மருந்து மிஷின் சைஸ், முன்னாடி ஒரு பச்சை விளக்கு. பிளக்கில் மாட்டிட்டா கரண்ட் பில் பாதியாகுமாம். விலை ஆயிரத்துச் சொச்சம். தென்னந்தோப்பு வேலைக்குப் போற அக்கா ஒருத்தங்க ரெண்டு வாங்கியிருக்காங்க, வீட்டுக்கு ஒண்ணு, மகள் வீட்டுக்கு ஒண்ணு. எத்தனை நாள் கூலி அது!

அந்த அக்காவை ஏமாளின்னு சொல்ற அறிவாளிகளுக்குத்தான் இந்தப் பதிவு. ஏன்னா இதில் ஏமாறுறது படிக்காதவங்க இல்லை. பத்தாங்கிளாஸ் சயின்ஸை ஒழுங்காப் படிச்சவங்கதான் முதல்ல தலையாட்டுவாங்க.

விக்கிறவர் என்ன செய்யறார்னு பாருங்க. பழைய சோக் வச்ச 40 வாட் டியூப்லைட் ஒண்ணு கொண்டு வர்றார். ஒயரைச் சுத்தி கிளாம்ப் மீட்டரை மாட்டறார். 0.44 ஆம்பியர். வோல்டேஜ் 230. ரெண்டையும் பெருக்கினா 101 வாட். அப்புறம் அதே ஒயர்ல டியூப்லைட்டோட சேர்த்துப் பெட்டியையும் மாட்டறார். மீட்டர் 0.24-க்கு இறங்குது. பெருக்கினா 55. "பாத்தீங்களா, பாதி!"

மீட்டர் பொய் சொல்லலை. பெருக்கலும் சரி. பொய் எங்கே இருக்குன்னா, அந்தப் பெருக்கலுக்கு விடை "வாட்"னு சொல்றதில்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினா வாட் வரும்கிறது பேட்டரிக்குச் சரி. வீட்டுக் கரண்ட்டில் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், குண்டு பல்புக்கும் சரி. 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுக்கும். 230-ஐ 4.35-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 53 ஓம், அதுதான் அதோட மின்தடை. ஆனா சோக், மோட்டார் மாதிரி சுருள் உள்ள சாமானுக்கு வந்தா கதை வேற. அதே டியூப்லைட்டில் 230-ஐ 0.44-ஆல வகுத்தா 523 ஓம் வரும். அது மின்தடையே இல்லை. சுருளோட தடங்கலும் சேர்ந்த வேறொரு எண். அந்த 523-ஐ மின்தடைன்னு நம்பி திறனைக் கணக்குப் போட்டா மறுபடியும் அதே பொய் 101 வாட்தான் வந்து நிக்கும்.

நம்ம காமர்ஸ் பாஷையில் சொல்றேன். மொத்த விற்பனை வேற, நிகர விற்பனை வேற. நடுவில் விற்பனைத் திருப்பம்னு ஒண்ணு இருக்கு. சோக்குக்குப் போற மின்சாரத்தில் ஒரு பங்கு காந்தப்புலமா மாறி, செலவாகாம அப்படியே லைனுக்குத் திரும்புது, ஒரு செகண்டுக்கு நூறு தடவை! கிளாம்ப் மீட்டர் மொத்த விற்பனையைக் காட்டுது. டியூப் 40, சோக் ஒரு 12, ஆக 52 வாட்தான் நிகரம். பெட்டிக்குள்ளே இருக்கிறது ஒரு கண்டென்சர். அது திரும்புற சரக்கை லைன் வரைக்கும் விடாம பக்கத்திலேயே வாங்கி வச்சுக் கொடுக்குது, அவ்வளவுதான். பெட்டிக்கு முன்னாடியும் 52, பின்னாடியும் 52. மொத்தத்தில் நிகரத்தோட பங்கைத்தான் பவர் ஃபேக்டர்ங்கிறாங்க. நம்பலைன்னா உங்க வீட்டு இன்வெர்ட்டரைத் திருப்பிப் பாருங்க, 850 "வி.ஏ."ன்னு போட்டிருக்கும். ரெண்டும் ஒண்ணுன்னா வாட்னே போட்டிருக்கலாமே?

வீட்டு இ.பி. மீட்டர் எண்ணுறது அந்த நிகரத்தை மட்டும்தான். சக்கரம் சுத்தின பழைய மீட்டரும் அப்படித்தான். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2009-ல் இதைப் பத்தி ஒரு குறிப்பே போட்டது. ஆம்பியர் குறையும், வீட்டு பில் குறையாதுங்கிறதுதான் சாரம்.

கண்டென்சர் மேல எனக்குக் கோபம் இல்லை. பெரிய ஆலைகளுக்கு வி.ஏ. கணக்கிலும் கட்டணம் உண்டு, அங்கே அது உண்மையிலேயே காசு மிச்சம் பண்ணும். கம்பம் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் மாட்டினா லைனில் ஆம்பியர் குறைஞ்சு, கடைசித் தோட்டத்துக்கு வோல்டேஜ் கொஞ்சம் நல்லா வரும். (இலவச மின்சாரத்தில் ஓடுற மோட்டாருக்கு "பில்லைப் பாதியாக்குறேன்"னு வந்தா என்ன சொல்றது!) அந்தக் காலத்து டியூப்லைட் பட்டியிலேயே இதே கண்டென்சர் சில ரூபாய்க்கு இருந்தது. அதுக்குப் பச்சை விளக்கு வச்சு ஆயிரம் ரூபாய் வாங்குறதுதான் எரிச்சல்.

அதைவிட எரிச்சல் நம்ம பாடம். முக்கோணம் போட்டு, மேல வோல்ட், கீழ ஆம்பியரும் ஓமும், எது வேணுமோ அதை விரலால் மறைன்னு சொல்லிக் கொடுத்தாங்க. மார்க் வந்தது. இந்த முக்கோணம் எங்கே செல்லாதுன்னு சொல்லலை. அது பன்னிரண்டாம் வகுப்பு பிசிக்ஸில்தான் வருது. காமர்ஸ் குரூப் எடுத்தவன், பத்தோட நின்னவன் எல்லாருக்கும் கிடைச்சது அரைப் பாடம். "சின்னப் பசங்களுக்கு அதெல்லாம் கஷ்டம்"ங்கிறாங்க. சைன், காஸ் யாரு கேட்டா? "மோட்டாருக்கும் சோக்குக்கும் இது பொருந்தாது"ன்னு ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாததாலதான் வியாபாரம் நடக்குது.

பெட்டி ஏற்கெனவே வாங்கினவங்க இதைச் செஞ்சு பாருங்க. டிஜிட்டல் மீட்டரில் சிவப்பு லைட் ஒண்ணு மின்னும். யூனிட்டுக்கு எத்தனை மின்னல்னு மீட்டர் மேலேயே அச்சிட்டிருக்கும். 3200-ன்னு வச்சுக்குங்க. மத்ததெல்லாம் அணைச்சுட்டு அந்த டியூப்லைட்டை மட்டும் எரியவிட்டா 20 நிமிஷத்தில் சுமார் 55 தடவை மின்னும். பெட்டியை மாட்டி இன்னொரு 20 நிமிஷம் எண்ணுங்க.

இன்னும் வாங்காதவங்களுக்கு இதைவிடச் சுலபம். அவர் தெருவுக்கு வந்தா டியூப்லைட்டை அவரே வச்சுக்கட்டும். நீங்க உங்க அயர்ன் பாக்ஸை எடுத்துட்டு வந்து கொடுத்து, இதில் காட்டுங்கண்ணேன்னு கேளுங்க. 4.35 காட்டுற மீட்டர், பெட்டியை மாட்டினதும் 4.36 காட்டும்.