கோபுரம் ராமேஸ்வரத்தில், செய்தியறை சென்னையில்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் ஐம்பதாண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் முகங்களைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஷோபனா ரவியின் உச்சரிப்பு, வரதராஜனின் குரல், எச். ராமகிருஷ்ணன், பாத்திமா பாபு, செய்தி வாசித்த கவிஞர் ஈரோடு தமிழன்பன். தமிழ்ச் செய்தியறிக்கையின் வரலாறு வாசித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுவந்திருக்கிறது. செய்தி எங்கிருந்து வந்தது, யார் அனுப்பினார்கள், வழியில் எது உதிர்ந்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. திரைமறைவுக் கதை என்றாலும் ஒப்பனை அறையோடு நின்றுவிடுகிறோம். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து பார்த்தால் இந்தக் கதை வேறு மாதிரி.

இந்தக் கரையின் இரண்டு பெரிய செய்திகள் தொலைக்காட்சி வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டன. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி அழிந்தது. 1974 ஜூனில் கச்சத்தீவு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கும் முன்பு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காததால் பத்திரிகைக் கட்டுகளை ஓடும் வண்டியிலிருந்து வீசிவிட்டுப் போனதையும், அதைப் பொறுக்கி எடுத்து வீடுவீடாகப் போட்டதையும் அப்துல் கலாம் தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். செய்தி வெளியூரிலிருந்து வந்து விழும், இங்கே பொறுக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு அன்றே அமைந்துவிட்டது. பிறகு மாறியது கருவி மட்டும்தான்.

தொலைக்காட்சியும் இங்கே சென்னையிலிருந்து வரவில்லை, அக்கரையிலிருந்து வந்தது. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. வன்னியில் கொக்காவிலில் நின்ற அதன் அஞ்சல் கோபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே மலை இல்லை, பெரும்பகுதி தண்ணீர்தான். கடல்மேல் சூடும் குளிரும் அடுக்கடுக்காக நிற்கிற நாட்களில் தொலைக்காட்சி அலைகள் வழக்கத்தைவிடத் தொலைவு வளைந்து போகும். அப்படிப்பட்ட மாலைகளில் ரூபவாஹினி மிகத் தெளிவாகத் தெரியும். நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த சென்னை நிலையமோ இங்கே எட்டவேயில்லை. கடற்கரை ஊர்களில் நீளக் குழாய் நட்டு, ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பி, தமிழ்ப் படத்தோடு அக்கரைத் தமிழ்ச் செய்தியையும் பார்த்தார்கள். அந்தச் செய்தி கொழும்பு அரசின் செய்தி. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கரையேறியவர்கள் மண்டபம் முகாமில் சொன்ன கதை வேறு. ஒரே நிகழ்வுக்கு இரண்டு செய்திகள் இருக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் முதலில் கண்கூடாக அறிந்தவர்கள் இந்தக் கரைக்காரர்களாகத்தான் இருப்பார்கள். 1990இல் போரில் கொக்காவில் கோபுரம் தகர்ந்தது.

1980களின் பிற்பகுதியில் கொடைக்கானலில் உயர்திறன் அஞ்சல் நிலையம் வந்தபின் தென்மாவட்டங்களுக்குத் தூர்தர்ஷன் எட்டியது. மலை உயரம் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் என்பதால் அதன் பார்வை ராமநாதபுரம் வரை வரும். பாம்பனைத் தாண்டும்போது பூமியின் வளைவு மறைத்துவிடும். தீவோ தட்டை. உயரம் வேண்டுமென்றால் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டினார்கள். 1990களின் நடுவில் எழுந்த ராமேஸ்வரம் கோபுரத்தின் உயரம் 323 மீட்டர். நாட்டின் மிக உயரமான தொலைக்காட்சிக் கோபுரங்களில் ஒன்று. அந்த உயரத்திலிருந்து அலை ஏறக்குறைய 70 கிலோமீட்டர் போகும். இந்தப் பக்கம் ராமநாதபுரமும் அந்தப் பக்கம் தலைமன்னாரும் அதற்குள் அடங்கும். அக்கரை ஒளிபரப்புக்குப் பதில் சொல்லும் எண்ணமும் அந்த உயரத்தில் கலந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். வெறும் தீவுவாசிகளுக்காக அரசு இவ்வளவு கான்கிரீட் செலவழிக்காது.

ஆனால் கோபுரத்தோடு சேர்த்து ஒரு செய்தியறை அங்கே கட்டப்படவில்லை. அது அஞ்சல் நிலையம். சென்னையும் டெல்லியும் பேசுவதை வாங்கி விரிக்கும். பாம்பனில் பேசுவதை வாங்கிச் சென்னைக்குக் கொடுக்கும் வழி அதில் இல்லை. கரையில் எடுத்த படம் பெட்டியில் நாடாவாகப் பேருந்திலோ ரயிலிலோ ஏறி, ஓர் இரவு பயணம் செய்துதான் சென்னையை அடைய வேண்டியிருந்தது. காலையில் நடந்தது மறுநாள் மாலை வரும், அல்லது வராமலே போகும். நாடாவை அனுப்பியவர் பெரும்பாலும் சம்பளக்காரர் இல்லை. ஒளிபரப்பான துண்டுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் பகுதிநேரச் செய்தியாளர். ஒளிபரப்பாகாத துண்டுக்குப் பேருந்துச் செலவுகூட அவர் கையைத்தான் கடிக்கும். அப்படிப்பட்ட ஒருவர் எதை எடுப்பார்? நிச்சயம் வாங்கிக்கொள்வார்கள் என்று தெரிந்ததைத்தான் எடுப்பார்.

அப்படி உருவானதுதான் தமிழ்த் தொலைக்காட்சியின் மிக நீண்டகாலத் தொடர்: மீனவர் கைது. சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று வந்தது, புதிய தலைமுறை 2011இல், தந்தி டிவி 2012இல் வந்தன. நாடா போய் இணையம் வந்தது, நொடியில் படம் சென்னைக்குப் போகிறது. அந்தச் செய்தியின் வாக்கியம் மட்டும் மாறவில்லை. எத்தனை பேர், எத்தனை படகு, எல்லை தாண்டியதாக, முதலமைச்சர் கடிதம். பின்னணியில் எப்போதோ எடுத்த கடற்படைக் கப்பல் படம்.

அந்த வாக்கியம் தயாராகும் விதத்தைக் கவனித்தால் காரணம் புரியும். பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகும். ராமேஸ்வரத்தில் அவை திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். ஆகவே கைதுச் செய்திக்கும் நாள் கணக்கு உண்டு. பக்கத்துப் படகுக்காரர் வயர்லெஸ்ஸில் சொல்ல, கரையில் சங்கத் தலைவருக்குத் தகவல் வரும். மீன்வளத் துறை கொடுத்த டோக்கனை வைத்துப் பெயர்ப் பட்டியல் உறுதியாகும். அதற்குள் இலங்கைக் கடற்படை தன் அறிக்கையைப் படத்தோடு வெளியிட்டிருக்கும். சங்கம், துறை, கடற்படை: மூன்று வாய்கள். வீட்டில் காத்திருக்கும் பெண்ணின் அழுகை நான்காவதாகச் சேர்ந்தால் செய்தி நிறைவு. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் விடுபட்டவை ஏராளம்.

முதலில், பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் படகின் சொந்தக்காரர்கள் அல்லர், கூலிக்குப் போனவர்கள். சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, இழப்பது படகை. இவர்கள் இழப்பது மாதக்கணக்கான வருமானத்தை. இரண்டாவதாக, அந்தப் படகுகள் இழுப்பது தரையை வழித்தெடுக்கும் இழுவை மடி. 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடைசெய்தது. போர் முடிந்து மறுபடி வலை வீசத் தொடங்கிய யாழ்ப்பாண, மன்னார் மீனவர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போவதும் இந்த மடிதான். அவர்களும் தமிழர்களே, மன்னாரில் பலர் நம் கரையோடு உறவுமுறை உள்ளவர்கள். அவர்களுடைய குரல் நம் செய்தியறிக்கையில் எத்தனை முறை கேட்டிருக்கிறது? அதைக் காட்டினால் இங்குள்ள மீனவருக்குத் துரோகம் என்று செய்தியறைகள் கருதுகின்றன. மடியின் பிரச்சினை பேசப்படாமல் இருப்பதால் லாபமடைவது கூலி மீனவர் அல்லர்.

நான் ஊடகங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். குறைதான் சொல்கிறேன். கேமராக்கள் இங்கே வராமல் இல்லை. 2014 அக்டோபரில் ஐந்து மீனவர்களுக்குக் கொழும்பு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தபோது வந்தன. 2015 ஜூலையில் பேக்கரும்பில் கலாம் அடக்கம் செய்யப்பட்டபோது நேரலை வண்டிகள் வரிசைகட்டின. 2017 மார்ச்சில் இளம் மீனவர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தபோது தங்கச்சிமடத்தில் நாள்கணக்கில் நின்றன. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத் திறப்புக்கு மீண்டும் வந்தன. சாவுக்கும் திறப்பு விழாவுக்கும் வருகிற விருந்தாளி ஊரைத் தெரிந்துகொள்ள முடியாது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் தேசியப் பூங்கா விதிகளால் பட்ட பாடு பல ஆண்டுக் கதை. அதற்கு ஒரு தேதி இல்லை, திறப்பு விழாவும் இல்லை. ஆகவே நேரலையும் இல்லை.

இந்தக் கரைக்குத் தன்னால் பேச முடியும் என்பதற்கு ஆதாரம் பாம்பனிலேயே இருக்கிறது. 2016 ஆகஸ்ட் 15 அன்று அங்கே தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4 என்ற சமுதாய வானொலி, மீனவர்களுக்காக மீனவ சமூகத்தினரே நடத்துவது. காற்று எப்படி, அலை எப்படி, மீன்வளத்தை எப்படிக் காப்பது என்று கடலில் இருப்பவரிடம் அவர் மொழியிலேயே பேசுகிறது. சில கிலோமீட்டர் மட்டுமே எட்டும் சிறிய ஆன்டெனா அது. 323 மீட்டர் கோபுரத்தால் முடியாததை அது செய்கிறது.

தரைவழி அனலாக் ஒளிபரப்பைப் பிரசார் பாரதி 2021-22இல் நாடெங்கும் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசையான பொதிகை 2024 ஜனவரி 19 முதல் டிடி தமிழ் என்ற பெயரில் புதுக்கோலம் பூண்டிருக்கிறது. பெயரையும் அரங்கையும் மாற்றியவர்கள் இன்னொன்றையும் செய்யலாம். ராமேஸ்வரத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் இரண்டு செய்தியாளர்களை அங்கே அமர்த்தி, படகுகள் தொழிலுக்குப் போகும் நாட்களிலாவது பத்து நிமிடக் கடலோரச் செய்தியை அங்கிருந்தே தர வேண்டும். அதில் சம்மாட்டியும் கூலி மீனவரும் பாசி எடுக்கும் பெண்ணும் மன்னார் மீனவரும் பேசட்டும். தனியார் தொலைக்காட்சிகளிடம் கேட்பது இதைவிடச் சிறியது: உங்கள் மாவட்டச் செய்தியாளருக்குத் துண்டுக் கணக்கை விட்டுச் சம்பளம் கொடுங்கள்.