கம்பெனியை மூடியாச்சு... குப்பை யார் கணக்கில்?

செஞ்சிக் கோட்டையை ஆண்ட ராஜா தேசிங்கு 1714-ல் ஆற்காடு நவாப்போடு நடந்த சண்டையில் இறந்தார். அவரோடு உடன்கட்டை ஏறிய இளம் ராணியின் நினைவாக, ஜெயித்த நவாப்பே பாலாற்றங்கரையில் ஒரு ஊரை உண்டாக்கினார் என்பது செஞ்சிப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த ஊர்தான் ராணிப்பேட்டை. மேல்மலையனூரிலிருந்து சேத்துப்பட்டு, ஆரணி, ஆற்காடு என்று பஸ் மாறிப் போனால் வந்துவிடும்.

2006-ல் அந்த ராணியின் பெயர் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. பெருமைப்படும்படி ஒன்றுமில்லை. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட, உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது!

காரணம் தோல் தொழிற்சாலைகள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது பாதிதான் உண்மை. தோல் பதனிடக் குரோமிய உப்பு வேண்டும். அந்த உப்பைத் தயாரிக்க சிப்காட் வளாகத்திலேயே 'தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்' என்று ஒரு ஆலை 1970களில் வந்தது. குரோமியத் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்துச் சூளையில் வறுத்து, தண்ணீரில் கரைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சுகிற சக்கையை என்ன செய்வது? ஆலைக்குள்ளேயே வெட்டவெளியில் கொட்டினார்கள். சுமார் இருபது வருஷம் கொட்டினார்கள். 1990களின் நடுவில் ஆலையை மூடினார்கள். முதலாளி போனார், தொழிலாளிகள் போனார்கள், சக்கை மட்டும் போகவில்லை. ஒன்றரை லட்சம் டன் என்பது பழைய கணக்கு. பின்னால் வந்த கணக்கு இரண்டு லட்சம் டன்னையும் தாண்டியது.

குரோமியம் இரண்டு வேஷம் போடும். மூன்று இணைதிற குரோமியம் சாது, தண்ணீரில் எளிதில் கரையாது. ஆறு இணைதிற குரோமியம் அப்படியில்லை. நன்றாகக் கரையும், மஞ்சளாக ஓடும், புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையில் வைத்திருக்கும் பொருள் அது. தோலில் பட்டால் ஆறாத புண், தூசியாக மூக்கில் ஏறினால் நடுச்சுவரில் ஓட்டை. ராணிப்பேட்டை மேட்டில் கிடப்பது இந்த இரண்டாவது வகை. குடிதண்ணீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஒவ்வொரு மழைக்கும் அந்த மேட்டிலிருந்து கொஞ்சம் கரைந்து நிலத்தடி நீரில் சேர்ந்தால், பக்கத்துக் கிணற்றுக்காரர் அந்த 0.05-ஐ எதை வைத்து அளப்பார்? மஞ்சளாக வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன்பே குடித்தாயிற்று, மாட்டுக்கும் காட்டியாயிற்று.

இதில் வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். கம்பெனி நொடித்தால் பங்குதாரருக்குப் போவது பங்குப் பணம் மட்டும்தான், வீடு வாசல் போகாது. தொழில் வளர அது தேவைதான், மறுக்க முடியாது. ஆனால் மீதி நஷ்டம் காற்றிலா கரைகிறது? யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. 2016-ன் திவால் சட்டத்தில் யாருக்கு முதலில் பணம் என்று வரிசை போட்டிருக்கிறார்கள். தொழிலாளியின் நிலுவையும் அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கியும் முன்னால் நிற்கும். கிணறு கெட்டுப்போனவருக்கென்று அந்த வரிசையில் தனியாக ஓர் இடமே கிடையாது.

இதே தமிழ்நாட்டில் கொடைக்கானலைப் பாருங்கள். அங்கே பாதரசம். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த தெர்மாமீட்டர் ஆலையின் உடைந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் குவிந்திருந்தது 2001 மார்ச்சில் வெளியே வந்தது. ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி சமரசம் செய்துகொண்டது. முழு நியாயம் கிடைத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்; பதினைந்து வருஷம் போராட வேண்டியிருந்தது. ஆனாலும் ஏதோ நடந்ததே, ஏன்? அங்கே ஹிந்துஸ்தான் லீவர் என்று ஒரு முதலாளி உயிரோடு இருந்தார். பணம் இருந்தது, காப்பாற்றிக்கொள்ள ஒரு பெயரும் இருந்தது. ராணிப்பேட்டையில் யார் வாசலில் போய் நிற்பது? மூடிய கேட்டிடமா? ஆலை மூடிக் கால் நூற்றாண்டு கடந்த பிறகும் அந்த மேடு அங்கேயே கிடந்தது.

('எரின் பிராக்கோவிச்' படம் பார்த்தவர்களுக்கு இதே குரோமியம்தான் அதிலும் வில்லன் என்று ஞாபகம் இருக்கும். அந்த கலிபோர்னியா ஊர்க்காரர்களுக்கு 1996-ல் 333 மில்லியன் டாலர் கிடைத்தது. அங்கேயும் எதிராளி நல்ல வசதியான கம்பெனி!)

அதே 1996-ல், வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் வழக்கில்தான் நம் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்பது இந்த நாட்டின் சட்டம் என்று தீர்ப்புச் சொன்னது. மிகப் பெரிய தீர்ப்பு, இன்றும் எல்லா வழக்கிலும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே பாலாற்றுக்காக அந்த நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. அரசு முதலில் இழப்பீடு கொடுக்கட்டும், பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கட்டும் என்றது. நல்லதுதான். ஆனால் வசூலிக்க ஆள் இருக்க வேண்டுமே!

ஆகவே பணத்தை முன்கூட்டியே வாங்கி வைப்பதுதான் வழி. இது புதுசு இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தை மூடும் செலவுக்கு வருஷா வருஷம் தனிக் கணக்கில் பணம் போட வேண்டும் என்று 2009-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. குழி தோண்டுகிறவருக்கு இருக்கும் விதி, விஷ மேடு எழுப்புகிறவருக்கு ஏன் இருக்கக்கூடாது? வீடு வாடகைக்கு விடுகிறவர்கூட அட்வான்ஸ் வாங்காமல் சாவியைக் கொடுப்பதில்லை. ஆலை ஒழுங்காக நடந்து, ஒழுங்காக மூடினால் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடலாம். இப்படிக் கேட்டால் தொழில் ஆந்திராவுக்கு ஓடிவிடும் என்பார்கள். கனஉலோகம் கையாளும் ஆலைகளிடம் மட்டும், நாடு முழுக்க ஒரே விதியாக வாங்கினால் எங்கே ஓடுவது?

செஞ்சி, மேல்மலையனூர் பக்கத்துக்கு இது தூரத்து விஷயம் இல்லை. ஒரு பக்கம் திண்டிவனம் சிப்காட், இன்னொரு பக்கம் செய்யாறு சிப்காட். வேலை தேவைதான், செய்யாற்றுச் செருப்பு ஆலைகளில் சம்பாதிக்கிற பெண்களிடம் போய்த் தொழிற்சாலையே வேண்டாம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஏற்கெனவே அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைக்குத் தனியாக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டியதில்லை. கூட்டம் நடந்தால் தொழிற்பேட்டைக்காக நடப்பதுதான். அட்வான்ஸ் எவ்வளவு, எந்த பேங்கில், யார் பெயரில் என்று ஊர்க்காரர்கள் கலெக்டர் முன்னால் கேட்க வேண்டுமானால், அந்த ஒரு நாளில்தான் கேட்க வேண்டும்.